இறந்தவர் வரிசையில் ஓர் அங்கி

"நல்லாப் பாத்தீங்களாம்மா? பக்கவாட்டுல இன்னொரு ஜிப் இருக்கு. அதையும் திறந்து பாத்துடுங்க."

கப்பல்காரர் இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் டீச்சருக்குத் தேவலை என்று இருந்திருக்கும். கடையில் வாடிக்கையாளருக்கு உதவுகிறவர் மாதிரி, அத்தனை அக்கறையோடு சொன்னார். பல நாடுகளிலிருந்து வந்திருந்த கத்தோலிக்க சகோதர சபைகளின் பிரதிநிதிகள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கண்முன்னே டீச்சர் அந்த ஜிப்பையும் திறந்தாள். ஒரு ஜெபமாலை. இருமல் மருந்து. காது நுனி கிழிந்த ஒரு துணி முயல்.

"பேத்தியோடது. அதைக் கையில வெச்சிருந்தாதான் தாத்தாவுக்குத் தூக்கம் வரும்னு அவளே குடுத்தனுப்பினா" என்றார் கப்பல்காரர்.

யாரோ சிரித்தார்கள்.  டீச்சர் முயலை அது இருந்த இடத்திலேயே வைத்து மூடினாள். பள்ளிக்கூட வேலையை விட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகு எத்தனையோ பைகளைத் திறந்திருக்கிறாள். ஒரு பெரியவரின் பையை நாலு பேர் நடுவில் வைத்துக் குடைந்தது இதுவே முதல் தடவை. புதுத் தலைவர் கேட்டார், இவள் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை.

"கிடைச்சுதா?" என்றார் புதுத் தலைவர், சற்றுத் தள்ளி நின்று.

"இல்லை சார்."

"அங்கி தைச்ச ரசீது ரூம்ல இருக்கும். தேடுங்க. பதவியேற்புக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கு. அதுக்குள்ள முடியலைன்னா நானே மேடையில இவர் பேரைச் சொல்லி, கூட்டமைப்பை விட்டு நீக்கச் சொல்லப் போறேன்."

சொல்லிவிட்டுத் தன் நீல அங்கியைக் கையில் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு உடைமாற்றும் அறைக்குள் போய்விட்டார்.

விஷயம் இதுதான். அந்தக் கூட்டமைப்பில் ஒரு வழக்கம் உண்டு. புதுத் தலைவர் பொறுப்பேற்கும் நாளில், போன மாநாட்டுக்குப் பிறகு இறந்துபோன சகோதரர்களுக்காக மேடையோரம் காலி நாற்காலிகள் போடுவார்கள். இறந்தவர் உயிரோடிருந்தபோது அணிந்த அங்கியை, அவருடைய சபைத் தலைவரே கொண்டுவந்து நாற்காலியின் முதுகில் போர்த்த வேண்டும். அந்த நாற்காலிகளுக்கு முன்னால் நின்றுதான் புதுத் தலைவர், 'இவர்களின் வீட்டாரை மறக்க மாட்டேன்' என்று உறுதிமொழி எடுப்பார். விதவைகளையும் பிள்ளைகளையும் நிர்க்கதியாக விடக்கூடாது என்று ஆரம்பித்த சபைகள் அல்லவா, அதனால் அப்படி.

இன்று காலை அந்த வரிசையின் கடைசியில், கணக்கில் இல்லாத ஒரு நாற்காலி இருந்தது. அதன்மேல் ஒரு நீல அங்கி. நீலம் புதுத் தலைவரின் சபைக்கு உரிய நிறம். தூசி தட்ட வந்தவர் கழுத்துப்பட்டையைத் தற்செயலாகப் புரட்டியிருக்கிறார். உள்பக்கம் பெயர் நூலால் பின்னியிருந்தது. புதுத் தலைவரின் பெயர்.

உயிரோடு இருப்பவருக்கு இறந்தவர் வரிசையில் இடம் போட்டால் அதற்கு என்ன அர்த்தம்? கொலை மிரட்டல் என்றார் ஒருவர். கூட்டமைப்பே கொதித்துப்போயிற்று. புதுத் தலைவருக்கு இருந்ததோ ஒரே அங்கி. அது அவர் தோளிலேயே இருக்கிறது. ஆகவே நாற்காலியில் கிடப்பது மிரட்டுவதற்கென்றே தைத்த போலி. அங்கி தைக்கக் கொடுக்கும் பொறுப்பு யாரிடம்? துணைத் தலைவரிடம். அந்தத் துணைத் தலைவர்தான் கப்பல்காரர். ஆயுசு பூராவும் கப்பலில் இயந்திரம் பார்த்தவர். தேர்தலில் புதுத் தலைவரை எதிர்த்து நின்று தோற்றவரும் அவர்தான். போதாதா?

"போதும். தூக்குல போட இன்னும் ஒரு கயிறுதான் பாக்கி" என்றான் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை என்றால் டீச்சரின் சொந்த மாப்பிள்ளை, மகளைக் கட்டியவன். வேலை போய் வீட்டில் இருந்தவனை உதவிக்கு வைத்துக்கொண்டாள். உதவியாளர் என்று அவளும் கூப்பிட மாட்டாள், முதலாளி என்று அவனும் கூப்பிட மாட்டான்.

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க மாப்பிள்ளை. எனக்கே மனசு சரியில்லை."

"முயலைப் பாத்ததுல இருந்தா?"

"ஆமா. வாங்க, அந்த அங்கியை ஒழுங்காப் பாப்போம். முதல்லயே அதைச் செஞ்சிருக்கணும். பெரிய மனுஷர் சொல்லிட்டாருன்னு நேரா அவர் பையில கையை விட்டேன் பாருங்க."

மண்டபம் காலியாக இருந்தது. டீச்சர் வரிசைக்கு முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு கடைசி நாற்காலிக்கு முன் குனிந்தாள். மற்றவை எல்லாம் மண்டபத்து மர நாற்காலிகள். இது மட்டும் மடக்கு நாற்காலி. அங்கி அதன் முதுகில் சும்மா வீசப்பட்டிருக்கவில்லை. தோள்கள் இரண்டும் சமமாக அமர்ந்திருந்தன. கழுத்துக் கொக்கி மாட்டியிருந்தது. குளிர்காலத்தில் நோயாளிக்குப் போர்த்திவிட்டதுபோல் இருந்தது.

"தொட்டுப் பாருங்க மாப்பிள்ளை. என்ன தெரியுது?"

"இஸ்திரி போட்டிருக்கு. கத்தி மாதிரி மடிப்பு. என் கல்யாணச் சட்டைக்குக்கூட உங்க பொண்ணு இப்படிப் போட்டுத் தரலை."

"கொல்லுவேன்னு மிரட்ட வர்றவன் இஸ்திரி போட்டுட்டா வருவான்?"

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தான். "சுத்தமான கொலைகாரனா இருக்கலாம்."

"தோள்ல பாருங்க, வெயில்ல நிறம் வெளுத்திருக்கு. உள்துணியில இழை ஓடிப்போய், தைச்சிருக்காங்க. போலியா தைக்கிறவன் இத்தனை வருஷப் பழசையும் சேர்த்தா தைப்பான்? இது உழைச்ச அங்கி, மாப்பிள்ளை. யாரோ உண்மையா போட்டுக்கிட்டது."

"பேரு தலைவரோடது. அங்கி உண்மையானது. அப்போ இது தலைவரோட அங்கி. சரி. அவர் தோள்ல கிடக்கிறது?"

 டீச்சர் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதைக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்க."

"அத்தை! அது செத்தவங்க வரிசையில கிடந்தது. நான் போட்டேன்னு உங்க பொண்ணுக்குத் தெரிஞ்சா, அடுத்த நாற்காலி எனக்குத்தான்."

"புதுத் தலைவரும் நீங்களும் ஒரே உயரம். அதுக்குத்தான்."

"என் உயரத்தைப் பத்தி நிச்சயதார்த்தத்தன்னைக்கே பேசி முடிச்சாச்சே" என்று முனகிக்கொண்டே போட்டுக்கொண்டான். அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. கீழ்விளிம்பு கணுக்காலைத் தொட்டு நின்றது. டீச்சர் மெல்லக் கழற்றி வாங்கி, இருந்தபடியே நாற்காலிக்குப் போர்த்தினாள். கொக்கியையும் மாட்டினாள்.

"இப்போ கப்பல்காரர்கிட்ட போகணும்" என்றாள். "போய் நிக்க முகம்தான் இல்லை."

கப்பல்காரர் வராந்தா பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். நேற்றுவரை அவரோடு உட்கார இடம் பிடித்தவர்கள் இன்று வராந்தாவின் மறுமுனையில் நின்றார்கள். டீச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஐயா, முதல்ல ஒண்ணு. உங்க பையைத் திறந்தது தப்பு. அதுவும் எல்லார் முன்னாலயும். என்னை மன்னிச்சிடுங்க."

"வேலையைச் செஞ்சீங்க. விடுங்கம்மா."

"அந்தக் கட்டைவிரல்ல ரத்தம் கட்டியிருக்கே. மடக்கு நாற்காலியில நசுங்கினதா?"

அவர் விரலைப் பார்த்தார். மறைக்கவில்லை. "ஆமா. கப்பல் இயந்திரத்துல எல்லாம் கையை விட்டிருக்கேன், ஒண்ணும் ஆனதில்லை. இந்த நாற்காலி கடிச்சிடுச்சு."

"அப்போ நாற்காலி போட்டது நீங்கதான்" என்றான் மாப்பிள்ளை.

"நான்தான்."

"யாருக்கு?"

"ஒரு சகோதரருக்கு."

"எந்த சகோதரர்?"

கப்பல்காரர் தலையை ஆட்டினார். "ஒருத்தங்களுக்கு வாக்கு குடுத்திருக்கேன் தம்பி. விழா முடியட்டும், அந்த நாற்காலியை நானே எடுத்துடுறேன்."

"அதுக்குள்ள உங்க பேரு போயிடுமே!" என்றாள் டீச்சர்.

"போனா என் பேரு ஒண்ணுதானேம்மா."

 எழுந்து நடந்தபோது மாப்பிள்ளை கிசுகிசுத்தான். "அத்தை, இவர் குற்றவாளின்னா நான் போப்பாண்டவர்."

"அவர் எதையோ மறைக்கிறார். ஆனா தனக்காக மறைக்கலை. யாரைக் காப்பாத்துறார்னு தெரியணும். அதுக்குத் தலைவரோட கழுத்தைப் பாக்கணும்."

உடைமாற்றும் அறையில் புதுத் தலைவர் கண்ணாடி முன் நின்று உறுதிமொழியை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் வேகமாகத் திரும்பினார். திரும்பிய வேகத்தில் அங்கியின் ஓரத்தையே மிதித்துத் தடுமாறி, மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்து சார்" என்றான் மாப்பிள்ளை. "பதவி வந்தா ஆளுங்க வளருவாங்க. நீங்க என்னடான்னா அங்கிக்குள்ள முங்கிட்டு வர்றீங்க."

"வயசானா உயரம் குறையும்னு டாக்டர் சொன்னார்" என்றார் அவர் சிடுசிடுப்பாக. "போன மாநாட்டுல இருந்தே இப்படித்தான். எங்க வீட்டுல ஓரத்தை மடிச்சு ஊசி குத்தி விடுவாங்க. கழுத்து வேற பிடிக்குது. கிடைச்சுதா ஏதாவது?"

"சார், போன மாநாட்டுக்கு அப்புறம் இந்த ரெண்டு வருஷமா இந்த அங்கியைத்தான் போட்டுட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள் டீச்சர்.

"பின்னே? எத்தனை நாட்டுக்குப் போனேன், எத்தனை சபைகளைப் பாத்தேன். எல்லாத்துக்கும் இதேதான். சகோதரத்துவத்தைப் பத்தி நான் பேசாத மேடை இல்லை."

"இதோட கழுத்துப்பட்டையை எப்பவாவது புரட்டிப் பாத்திருக்கீங்களா?"

"என்னோடதை நான் எதுக்குப் புரட்டணும்?"

"நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். நாற்காலியில கிடந்ததைப் புரட்டினோம், தோத்துப்போன ஒருத்தர் பையைக் குடைஞ்சோம். தலைவர் கழுத்துல கை வைக்க யாருக்கும் தோணலை. எனக்கும் தோணலை. இப்போ கொஞ்சம் கழற்றிப் பாருங்க."

ஏதோ சொல்ல வாயெடுத்தவர், டீச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொக்கியைக் கழற்றினார். பட்டையைப் புரட்டினார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு படித்தார்.

அவர் படித்தது ஒரே ஒரு பெயர்தான். அதை முடிக்க அவருக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று.

"அச்சகக்காரன்" என்றார் கடைசியில். "இது என் கூட்டாளி அங்கி. என்னைச் சபையில சேத்துவிட்டதே அவன்தான். நெட்டையா இருப்பான். போன மாநாட்டுல ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து ஆணியிலதான் மாட்டினோம்... மாறிப்போச்சா? அப்போ அங்க கிடக்கிறது நிஜமாவே என்னோடதா?" கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார். "இவ்வளவுதானா விஷயம்! அவன் வேடிக்கைக்காரன். விளையாட்டுக்குக் கொண்டுவந்து போட்டிருப்பான். எங்க அவன்? வந்திருக்கானா?"

டீச்சர் தரையைப் பார்த்தாள். இப்படிப்பட்ட நேரங்களில் உண்மையைச் சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் ஒரே அளவுதான் வலிக்கும்.

"சார், அந்த அங்கி இறந்தவங்க நாற்காலியில இருக்கு."

சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே நின்றுபோயிற்று.

"இல்லை. என் சபையில யாரும்... நான்தானே என் சபைக்குத் தலைவர். யாராவது இறந்திருந்தா, அங்கியை நான்தானே கொண்டுவரணும். எனக்குத் தெரியாம..."  எதையோ தேடுகிறவர்போல் கை மேசைமேல் அலைந்தது. "ஊர் ஊராப் போயிட்டிருந்தப்போ ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு. சகோதரர் ஒருத்தர் தவறிட்டார்னாங்க. விமானத்துக்கு நேரமாச்சு. ஒரு மலர்வளையம் அனுப்பிடுங்கன்னேன்."

"யாருன்னு கேட்டீங்களா?" என்றான் மாப்பிள்ளை. குத்திக்காட்டக் கேட்கவில்லை, வாய் தவறி வந்துவிட்டது.

புதுத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மடியில் அந்த நீளமான அங்கி. அதன் ஓரம் பல நாட்டுத் தரைகளில் இழுபட்டு நைந்திருந்தது.

கதவருகே கப்பல்காரர் வந்து நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது.

"தெரிஞ்சுபோச்சா?" என்றார். "தெரியக்கூடாதுன்னுதான் பாத்தோம்."

"சொல்லுங்க ஐயா" என்றாள் டீச்சர். "இனிமே வாக்கு தவறினதா ஆகாது."

கப்பல்காரர் நின்றபடியே சொன்னார். "அச்சகக்காரரோட மனைவி எனக்கு போன் பண்ணினாங்க. 'இவர் படுத்த படுக்கையா இருந்தப்பவும் மாநாட்டைப் பத்தியேதான் பேசினார். எனக்கும் ஒரு நாற்காலி போடுவாங்கதானேன்னு கேட்டார். எங்க சபையில இருந்து யாரும் அங்கியை வாங்க வரலை. நானே கொண்டுவரட்டுமா'ன்னு கேட்டாங்க. வாங்கன்னேன். காலையில யாரும் வர்றதுக்கு முன்னாடி கதவைத் திறந்து விட்டேன். அங்கி மாறியிருக்கிறது அவங்களுக்குத் தெரியும். அதனாலதான் பேரு வெளியே தெரியாதபடி கொக்கியை மாட்டி வெச்சாங்க. 'தலைவரா ஆகுற நாள்ல அவர் தலைகுனிய வேண்டாம். விழா முடிஞ்சதும் சத்தமில்லாம எடுத்துட்டுப் போயிடுறேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க'ன்னு கேட்டுக்கிட்டாங்க."

"அங்கி மாறினது தெரியும்னா..." புதுத் தலைவர் மடியிலிருந்த அங்கியைப் பார்த்தார். "அவனுக்கும் தெரியுமா?"

"முதல் வாரமே தெரியுமாம். 'சொல்லி அனுப்பினா குடுத்துடலாம். வேணாம், அவனே தேடிட்டு வருவான். அந்தச் சாக்குல ஒரு நாள் உக்காந்து பேசலாம்'னு வெச்சிருந்தாராம். கடைசியில அவரே உங்க ஆபீசுக்குப் பேசியிருக்கார், குடுக்க ஒண்ணு இருக்கு, வந்துட்டுப் போகச் சொல்லுங்கன்னு."

"வந்துச்சு. அந்தத் தகவல் வந்துச்சு" என்றார் புதுத் தலைவர். "அடுத்த மாசம்னு சொல்லச் சொன்னேன்."

 மனிதன் தான் செய்த கெடுதலுக்கு வெட்கப்படுவது ஒருவகை. செய்யாமல் விட்ட சின்ன நல்லதுக்கு வெட்கப்படுவது வேறுவகை. முன்னதற்கு எதிரில் நின்று மன்னிப்புக் கேட்க ஓர் ஆள் இருப்பார். பின்னதற்குப் பெரும்பாலும் இருப்பதில்லை.

புதுத் தலைவர் எழுந்தார். அங்கியைப் போட்டுக்கொள்ளவில்லை. மடித்துக் கைமேல் போட்டுக்கொண்டு, வெறும் சட்டையோடு மண்டபத்துக்குள் போனார். பிரதிநிதிகள் நிறைந்திருந்தார்கள். கப்பல்காரரையும் அழைத்துக்கொண்டு மேடையேறி மைக்கைப் பிடித்தார்.  அங்கி மாறிப்போச்சு, அவ்வளவுதான் என்று பூசி மெழுகிவிடுவாரோ என்று டீச்சர் பயந்தாள்.

"காலையில உங்க எல்லார் முன்னாலயும் இவரோட பையைத் திறக்க வெச்சேன்" என்றார். "அதனால உங்க எல்லார் முன்னாலயும் சொல்றேன். இவர் மேல ஒரு குத்தமும் இல்லை. எனக்கு அவமானம் வரக்கூடாதுன்னு அந்த அவமானத்தை இவர் வாங்கிக்கிட்டார். அந்த நாற்காலி என் சபையில என்னோட பழகின சகோதரனோடது. அவன் செத்தது எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்றதும் பொய். கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

கப்பல்காரர் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். கப்பல்காரர் பதறிப்போய் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டார்.

"இவங்க வீட்டாரை மறக்க மாட்டேன்னு நான் இப்போ இங்க உறுதிமொழி எடுக்கணும். எந்த வாயால எடுக்கிறது? வேற ஒருத்தர் தலைவரா வரணும்னா, நீங்க பேசி முடிவு பண்ணுங்க. நான் பின்னால இருக்கேன்."

அந்த மடக்கு நாற்காலியில் கிடந்த தன் அங்கியை எடுத்துவிட்டு, கூட்டாளியின் நெட்டை அங்கியை அதில் போர்த்தினார். தன்னுடையதைத் தோளில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். பிறகு மண்டபத்தின் நீளம் முழுவதும் நடந்து கடைசி வரிசைக்குப் போனார்.

அங்கே ஓரத்தில், மடியில் கைப்பையோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவர் அருகில் வந்ததும் எழப்போனாள். அவர் வேண்டாம் என்று சைகை காட்டி, பக்கத்தில் உட்கார்ந்தார்.  இரண்டு வரிசை தள்ளி நின்ற டீச்சருக்கு அவர் மூச்சு விடுவது கேட்டது.

"எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை தங்கச்சி."

"ஒண்ணும் சொல்ல வேணாம் அண்ணா. அவர் உங்க மேல கோவமா எல்லாம் போகலை."

"கோவமா போயிருந்தாலும் பரவாயில்லைன்னு இருக்கு."

மேடையில் கசமுசா என்று ஆலோசனை நடந்தது. கைகள் உயர்ந்தன, தாழ்ந்தன. பிறகு கப்பல்காரர் மைக் முன் வந்தார். "சகோதரர்கள் ஒரே மனசா முடிவு பண்ணியிருக்கோம். தலைவர் அவரேதான். மேடைக்கு வரணும்" என்றார். எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின.

"போங்கண்ணா, கூப்பிடுறாங்க" என்றாள் அந்த அம்மா.

புதுத் தலைவர் எழுந்திருக்கவில்லை.

"இத்தனை நாளும் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம்தான் போயிட்டிருந்தேன்" என்றார். "அவன் எப்படி இருந்தான் கடைசியில? வலி இருந்துச்சா? சாப்பிட்டானா? சொல்லும்மா. எல்லாத்தையும் சொல்லு."

அந்த அம்மா அவரைப் பார்த்தாள். கைப்பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள்.

"முதல்ல காலுதான் வீங்குச்சு" என்று ஆரம்பித்தாள்.

மேடையிலிருந்து கப்பல்காரர் இதைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பாடகர் குழுவைப் பார்த்து, அவசரமே இல்லை என்பதுபோல் கையசைத்து, இன்னொரு பாட்டுப் பாடச் சொன்னார்.